பெங்களூரில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவது எப்படி: முதலில் அனுமதி, அப்புறம்தான் சோபா

2022-இல் பழைய மெட்ராஸ் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில் ஃப்ளாட் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதை நாள் வாடகைக்கு விடப்போகிறேன் என்று ஓனரிடம் முன்பே சொன்னேன். அவரும் வாய்வார்த்தையாகச் சரி என்றார். கட்டில், மெத்தை, சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாம் வாங்கிப் போட்டு, நாள் வாடகை வீடுகளுக்கான ஏர்பிஎன்பி இணையத் தளத்தில் ஏற்றினேன். நான்கு மாதம் நன்றாகவே ஓடியது. ஐந்தாம் மாதம் குடியிருப்போர் அசோசியேஷன் கூட்டத்தில் நாள் வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அன்று இரவு சேலத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்தை செக்யூரிட்டி கேட்டிலேயே நிறுத்திவிட்டார். மழையில் அவர்களை நிற்கவைத்தது இன்னும் என் மனதை அறுக்கிறது. பதினோரு முன்பதிவுகளை ரத்து செய்தேன். ஓனர் டெபாசிட்டில் பெயின்டிங் செலவு என்று கழித்துக்கொண்டார். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் போயிற்று.

இப்போது அல்சூரில் மாமனார் வீட்டின் முதல் மாடியை விடுகிறோம். கீழே நாங்கள் குடியிருக்கிறோம். இந்த முறை தலைகீழான வரிசையில் செய்தேன்: காகிதம் முதலில், சாமான் கடைசியில். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து பெங்களூருக்கு வந்து, கையில் ஒரு வீடோ மாடியோ இருந்து, இதில் இறங்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

1. முடிவு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்

உங்கள் வீடு கீழ்க்கண்ட மூன்றில் எது?

தனி வீடு, சொந்தம்: உங்களுக்குத்தான் எல்லாமே எளிது. பக்கத்து வீட்டாரின் நல்லெண்ணம் மட்டும் வேண்டும்.

சொந்த ஃப்ளாட்: அசோசியேஷனின் துணை விதிகளை வாங்கி முழுக்கப் படியுங்கள். குடியிருப்புக்கு மட்டும், வணிகப் பயன்பாடு கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். செயலாளர் தனிப்பட்ட முறையில் பிரச்சினையில்லை என்று சொல்வது போதாது. அடுத்த தேர்தலில் அவர் மாறிவிடுவார். கமிட்டியின் முத்திரையோடு எழுத்தில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வாங்குங்கள். கிடைக்கவில்லையா, அந்த ஃப்ளாட்டை மாத வாடகைக்கு விடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

வாடகை வீடு: மூன்றிலும் ஆபத்தானது இதுதான். பெங்களூரில் வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தத்தில் உள்வாடகைக்கு விடக் கூடாது என்ற ஷரத்து அச்சிட்டே வரும். அதை அடித்துவிட்டு, 'குறுகிய கால விருந்தினர்களைத் தங்கவைக்க ஓனர் சம்மதிக்கிறார்' என்று அதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அசோசியேஷன் இருந்தால் அதன் என்ஓசியும் தனியாக வேண்டும். ஓனர் சம்மதமும் அசோசியேஷன் சம்மதமும் வேறு வேறு. நான் விழுந்த குழி இதுதான்.

2. காகிதங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

எனக்கு இதற்கு ஆறு வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு பண்டிகை வாரம் வந்தால் இன்னும் நீளும். கோப்பில் இருக்க வேண்டியவை:

- இ-காத்தா அல்லது காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவுச் சான்று) நகல், கடைசி ஆண்டின் சொத்து வரி ரசீது
- சொத்து உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் (என் மாமனாரிடமே வாங்கினேன். அவர் வருத்தப்படவில்லை)
- உங்கள் பான், ஆதார், வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை
- மின் கட்டண ரசீது, தண்ணீர் ரசீது
- அசோசியேஷன் அல்லது ஓனரின் என்ஓசி

பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் பெரிய தொல்லை. ஒன்றில் 'ஆர்' என்று மட்டும் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இதனால் என் முதல் மூன்று பேஅவுட் (தளம் நமக்கு அனுப்பும் பணம்) நின்றுபோய், வங்கியில் பெயரைத் திருத்திய பிறகுதான் வந்தது.

அரசின் அங்கீகாரம் வேண்டுமென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் இருக்கிறது. ஓர் அறை முதல் ஆறு அறை வரை அனுமதி, தரத்தைப் பார்த்து கோல்ட், சில்வர் என்று வகை தருகிறார்கள். ஆனால் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டிய ஃப்ளாட்டை ஆளில்லாமல் நடத்துபவர்களுக்கு இது பொருந்தாது. மாடியில் விருந்தினர், கீழே நீங்கள் என்றால் விண்ணப்பித்துப் பாருங்கள்.

3. மீட்டர், வரி வகை, மாநகராட்சி

இதைப் பலர் தொடவே மாட்டார்கள். பின்னால் அபராதத்தோடு வருவதும் இதுதான்.

கர்நாடகத்தில் க்ருஹ ஜ்யோதி திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். அது குடியிருப்புக்கான சலுகை. காசு வாங்கி விருந்தினரைத் தங்கவைக்கும் மாடியின் மீட்டரை அந்தத் திட்டத்தில் வைத்திருக்காதீர்கள். நான் மாடிக்குத் தனி மீட்டர் போட்டு, பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்) கிளை அலுவலகத்தில் பயன்பாட்டைச் சொல்லி, அவர்கள் சொன்ன கட்டண வகையில் மாற்றிக்கொண்டேன். பில் கூடியதென்னவோ உண்மை. அதையும் வாடகைக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சொத்து வரியும் இப்படித்தான். இங்கே நாமே மதிப்பிட்டுக் கட்டும் முறை. படிவத்தில் நாமே இப்படித்தான் பயன்படுத்துகிறோம் என்று அறிவித்துக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். டிரேடு லைசென்ஸ் (தொழில் உரிமம்) உங்களுக்குத் தேவையா என்பதை வார்டு சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் பழைய பிபிஎம்பி மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் தெரு எதில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

4. சாமான் வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

சொந்த வீடுதானே, வருவதெல்லாம் லாபம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மாத வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அதையும் செலவாக எழுதுங்கள். இரண்டு பெட்ரூம் மாடிக்கு என் கணக்கு இப்படி:

விட்டுக்கொடுத்த மாத வாடகை 32,000. மின்சாரம் 3,000. இன்டர்நெட் 1,000. தண்ணீர் 1,500. சோப்பு, டிஷ்யூ, காபித்தூள், கேஸ் 2,500. ஆக மாதம் 40,000 ரூபாய், ஆள் வந்தாலும் வராவிட்டாலும்.

இதற்கு மேல் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் சுத்தம் செய்யவும் துணி துவைக்கவும் 700. சராசரியாக மூன்று இரவு தங்கினால் ஓர் இரவுக்குச் சுமார் 233.

ஓர் இரவு வாடகை 2,600 என்று வையுங்கள். தளம் 3% கமிஷனும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்தால் கையில் 2,508. துப்புரவுச் செலவு போக 2,275. அப்படியானால் மாதம் 18 இரவு நிரம்பினால்தான் நாம் மாத வாடகைக்கு விட்டவரோடு சமம். கமிஷன் 15% என்றால் அதே 18 இரவு 21 ஆகிவிடும். உங்கள் கணக்கில் எந்தக் கமிஷன் முறை இருக்கிறது என்று முதல் நாளே பாருங்கள். தளத்துக்குத் தளம் மாறுகிறது.

மாதம் 20 இரவு நிரம்பாத இடம் என்று தோன்றினால் இறங்க வேண்டாம்.

எனக்கு ஆரம்பச் செலவு 1,85,000. முக்கால்வாசி மெத்தை, கட்டில், இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குப் போனது. ஏசி போடவில்லை. ஏப்ரல், மே தவிர யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு ஏர்கூலர் போதுமாக இருக்கிறது.

5. யார் வருவார்கள் என்று பார்த்து வீட்டைத் தயார் செய்யுங்கள்

பெங்களூருக்கு யாரும் கடலைப் பார்க்க வருவதில்லை. என்னிடம் வருபவர்கள்: மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்து வீடு தேட வந்த பெற்றோர், பேரக்குழந்தையைப் பார்க்க வந்து மகன் வீட்டில் இடம் போதாதவர்கள், கல்யாணத்துக்கு வருபவர்கள். இவர்கள் கேட்பது நீச்சல் குளம் இல்லை. தண்ணீர், சுடுதண்ணீர், சமையலறை, வெஸ்டர்ன் டாய்லெட், ஏற முடிகிற படி. அவ்வளவுதான்.

*தண்ணீர்.* 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, டேங்கருக்கு இந்த ஊர் தவித்ததை நேரில் பார்த்தவள் நான். காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. சம்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) கொள்ளளவைத் தெரிந்துகொள்ளுங்கள். நம்பகமான இரண்டு டேங்கர்காரர்களின் எண் கையில் இருக்கட்டும். போர்வெல் தண்ணீர் என்றால் கீசருக்குள் உப்புப் படியும், குழாயில் வெள்ளைத் திட்டு நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

*கேஸ் கீசர் கூடவே கூடாது.* மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, குளிப்பவர் அப்படியே மயங்கி விழுவார். இந்த ஊரில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் எடுத்துவிட்டு மின்சார கீசர் வையுங்கள். சமையலறையில் தீயணைப்பான் ஒன்று மாட்டி, அதன் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

*துணி.* ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: கட்டிலில் ஒன்று, துவைப்பில் ஒன்று, அலமாரியில் ஒன்று. மழைக்காலத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை துணி சரியாகக் காயாது, ஈர வாடை வீசும். அந்த மாதங்களில் நான் வெளி லாண்டரிக்குக் கொடுத்துவிடுகிறேன். மெத்தைக்குத் தண்ணீர் இறங்காத உறை முதல் நாளே போடுங்கள். மெத்தையை மாற்றும் செலவோடு பார்த்தால் அந்த உறை ஒன்றுமே இல்லை.

*சமையலறை.* இட்லிப் பாத்திரம், குக்கர், மிக்ஸி, காபி ஃபில்டர். மருத்துவமனைக்கு வந்திருப்பவர்களுக்குக் கஞ்சி வைக்க ஒரு சின்னக் குக்கர் தனியாக. 'இட்லிப் பாத்திரம் இருந்தது' என்று மட்டுமே எழுதிய ரிவியூ எனக்கு மூன்று வந்திருக்கிறது.

*குப்பை.* ஈரக் குப்பை, உலர் குப்பை, டயபர் போன்றவை என்று மூன்றாகப் பிரிக்காவிட்டால் வண்டிக்காரர் எடுக்க மாட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. மூன்று நிறத்தில் தொட்டி வைத்து, மேலே தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள்.

6. லிஸ்டிங்கில் (தளத்தில் போடும் வீட்டு விவரத்தில்) குறையையும் எழுதுங்கள்

படம் காலை பத்து மணி வெளிச்சத்தில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, செல்போனிலேயே எடுக்கலாம். குளியலறைப் படம் கட்டாயம். முதல் வரியில் இருக்க வேண்டியது தூரம்: அல்சூர் மெட்ரோவுக்கு எத்தனை நிமிட நடை, கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் எவ்வளவு நேரம், பையப்பனஹள்ளி எஸ்எம்விடி ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று. எங்கள் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை, 19 படி. அதை இரண்டாவது வரியிலேயே எழுதியிருக்கிறேன். முட்டி வலி உள்ளவர் வந்து ஏற முடியாமல் நின்றால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் மதிப்பெண் போகும்.

தொடங்கும்போது முதல் மூன்று முன்பதிவுகளுக்கு 20% தள்ளுபடி தரும் வசதி ஏர்பிஎன்பியில் உண்டு. அதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து ரிவியூ வரும் வரை லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். சூப்பர்ஹோஸ்ட் என்ற அடையாளம் வேண்டுமென்றால் மதிப்பெண் 4.8-க்குக் குறையக் கூடாது, 90% செய்திகளுக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும், நீங்களாக ரத்து செய்வது 1%-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

கேமரா விஷயத்தில் கவனம். வீட்டுக்குள் எங்கேயும் வைக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி இதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. வாசலில் வைத்தால் அதை லிஸ்டிங்கில் சொல்லியாக வேண்டும்.

7. வரவேற்பு: விடியற்காலை பஸ்ஸை மறக்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறுபவர் மடிவாளாவில் காலை ஐந்து மணிக்கு இறங்குவார். உங்கள் செக்-இன் நேரம் மதியம் ஒரு மணி. நடுவில் எட்டு மணி நேரம் அவர் எங்கே போவார்? வரும் நேரத்தை முன்பதிவு ஆன அன்றே கேட்டுவிடுங்கள். முந்தைய இரவு காலியாக இருந்தால் பாதி வாடகைக்குக் கொடுங்கள். காலியாக இல்லையென்றால் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, பையை வைத்துக்கொள்ளவாவது இடம் கொடுங்கள். நாங்கள் கீழே ஒரு சின்ன அறையும் குளியலறையும் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

வழி சொல்லும்போது கூகுள் மேப் குறியோடு ஓர் அடையாளமும் சொல்லுங்கள். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை என்றால் எங்கள் விருந்தினர்கள் யாரும் தவறியதில்லை.

அடையாள அட்டை முன்பதிவு செய்தவருக்கு மட்டும் போதாது. தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வாங்குங்கள். முதல் எட்டு எண்கள் மறைத்த ஆதாரை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு பதிவேட்டில் பெயர், ஊர், போன், வந்த நேரம், போன நேரம் எழுதி வையுங்கள். போலீஸ் வந்து கேட்டால் காட்ட இது இருக்க வேண்டும்.

*வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரம்.* ஃபார்ம் சி என்று எல்லோரும் சொல்லும் தகவலை எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) இணையதளத்தில் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகும் இந்தக் கெடு மாறவில்லை. நட்சத்திர ஓட்டல் ஆனாலும் ஒரே ஓர் அறை ஆனாலும் இது ஒன்றுதான். இதற்குத் தங்குமிட உரிமையாளராக முன்பே பதிவு செய்து ஐடி வாங்கியிருக்க வேண்டும். விருந்தினர் வந்த இரவில் பதிவு செய்ய உட்கார்ந்தால் முடியாது. எனவே லிஸ்டிங் ஏற்றும் முன்பே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களை விருந்தினரிடம் முன்னாலேயே கேட்டுவைத்தால் வேலை பத்து நிமிடம். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் ஊர்ப் பிள்ளை வரும், வாய் நிறையத் தமிழ் பேசும், ஓசிஐ அட்டையும் (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) இருக்கும். அவருக்கும் ஏற்ற வேண்டும். சட்டப்படி அவர் வெளிநாட்டவர்தான்.

8. பணத்தில் ஏமாற்றும் இரண்டு வழிகள்

'ராணுவத்தில் இருக்கிறேன், குடும்பத்தோடு வருகிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்று போன் வரும். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். போனை வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தளத்தில் உங்களைக் கண்டுபிடித்துவிட்டு, வெளியே நேரடியாகக் குறைந்த விலைக்குக் கேட்பவர்கள். அப்படி ஏற்றுக்கொண்டால் தளத்தின் இழப்பீட்டுப் பாதுகாப்பு போய்விடும். தளத்துக்குள் வந்தவர் எதையாவது உடைத்தால், அவர் வெளியேறிய 14 நாளுக்குள் படம், ரசீதோடு ஏர்பிஎன்பியில் கோரிக்கை வைக்க வேண்டும். ஒவ்வொரு செக்-அவுட் முடிந்ததும் அறை அறையாக ஒரு நிமிட வீடியோ எடுத்துவைக்கும் பழக்கத்தை இதற்காகவே வைத்துக்கொண்டேன். ஒரு முறை டிவி திரை விரிசல் விட்டபோது அந்த வீடியோதான் பேசியது.

9. பக்கத்து வீடு

லிஸ்டிங் ஏற்றுவதற்கு முன் இரு பக்கமும் எதிர் வீட்டிலும் போய்ச் சொன்னேன். என் போன் எண்ணைக் கொடுத்து, சத்தம் வந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்றேன். இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பதை வீட்டு விதியில் முதல் வரியாக வைத்தேன். வெள்ளி, சனி ஓர் இரவுக்கு மட்டும் கேட்கும் உள்ளூர் இளைஞர் கூட்டத்துக்குக் கொடுப்பதில்லை. வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவு என்று வைத்ததிலேயே பெரும்பகுதி வடிகட்டிவிட்டது. வருமானம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இந்தத் தெருவில் இன்னும் இருபது வருடம் நாங்கள் குடியிருக்க வேண்டும்.

10. வரி

ஜிஎஸ்டி: ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. தளத்தின் வழியாக வரும் முன்பதிவுகளுக்கு வரியைத் தளமே விருந்தினரிடம் வாங்கிக் கட்டிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவு வாடகை 7,500 வரை 5%, அதற்கு மேல் 18%. கம்பெனி செலவில் வருபவர் ஜிஎஸ்டி பில் கேட்பார். பதிவு இல்லாமல் நம்மால் தர முடியாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

வருமான வரி: தளம் 0.1% டிடிஎஸ் (நமக்குப் பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும். 2024 அக்டோபருக்கு முன் அது 1%. ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் வரவுள்ள தனிநபர் பான் கொடுத்திருந்தால் பிடிக்க மாட்டார்கள். பான் கொடுக்காவிட்டால் 5% போய்விடும். பிடித்த வரியும் அதற்கான வரவும் உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில் (வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை) அப்படியே தெரியும். எனவே மறைக்க நினைக்காதீர்கள்.

இந்த வருமானத்தை வீட்டு வாடகை என்று காட்டுவதா, தொழில் வருமானம் என்று காட்டுவதா என்பதுதான் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி. வாடகை என்றால் 30% நேரடிக் கழிவு உண்டு, தனித்தனிச் செலவைக் காட்ட முடியாது. தொழில் என்றால் துப்புரவு, லாண்டரி, மின்சாரம், கமிஷன், சாமானின் தேய்மானம் எல்லாம் கழிக்கலாம், ஆனால் ரசீது இருக்க வேண்டும். சுத்தம் செய்வது, விரிப்பு மாற்றுவது, வரவேற்பது என்று சேவையும் சேர்ந்து வருவதால் எங்கள் ஆடிட்டர் தொழில் என்றே போடச் சொன்னார். அவரிடம் போகும்போது தளத்தின் ஆண்டு வரவு அறிக்கை, இதற்கென்று மட்டும் திறந்த வங்கிக் கணக்கின் விவரம், மாதவாரியாகக் கட்டிய ரசீதுகள், டேங்கர்காரர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு உட்பட எல்லாவற்றையும் ஜூன் மாதத்திலேயே கொண்டுபோங்கள். ஜூலை கடைசி வாரத்தில் அவர் போனையே எடுக்க மாட்டார்.